சின்ன வண்டியைப் பற்றி நான் சொன்னது

தாரிணி மேடம், வணக்கம்.

மலை ஏறுகிற வண்டியில் நைட்ரஜன் கேனை சீட்டுக்குப் பின்னால் நிமிர்த்திக் கட்டுவது நல்லதா, பக்கவாட்டில் மாட்டுவது நல்லதா என்று என் வீட்டுக்காரர் உங்களைக் கேட்கச் சொன்னார். கேட்டுவிட்டேன். அவர் எழுதச் சொன்னது இவ்வளவுதான். இனிமேல் எழுதப்போவது அவர் எழுதச் சொல்லாதது.

தமிழில் எழுதுகிறேன். நீங்கள் மோட்டார் சைக்கிள்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிறவர். எனக்கும் ஆங்கிலம் வரும், நன்றாகவே வரும். அதை ஏன் இவ்வளவு அவசரமாகச் சொல்கிறேன் என்று போகப் போக உங்களுக்கே தெரியும். தமிழில் எழுது என்றவர் அவர்தான். "அவங்க கோயம்புத்தூருதானே மா, தமிழ்லயே எழுது. பதிலும் தமிழ்லயே வரும். ரெண்டு பேருக்கும் புரியும்" என்றார். ரெண்டு பேருக்கும் என்றார். எனக்கும் சேர்த்து.

என் பெயர் பெலிசிட்டா. வயது இருபத்துநான்கு. போளூரில் இருக்கிறோம். எங்களுக்கு ஒரு பெண் குழந்தை, அஞ்சலின், பத்து மாதம். அவர் பெயர் அமலதாஸ். பால் சொசைட்டியில் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிற வேலை. ஜவ்வாது மலை மேல் பதினான்கு ஊர்கள் அவர் பொறுப்பு. வேலையை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: மாடு கத்தினால் இவர் போவார். பசு பருவத்துக்கு வந்து காலையில் கத்தினால் சாயங்காலம் ஊசி போட வேண்டும், ராத்திரி கத்தினால் விடிந்ததும். தவறிப்போனால் இருபத்தோரு நாள் காத்திருக்க வேண்டும். ஒரே ஒரு மாடு வைத்திருக்கிற வீட்டுக்கு இருபத்தோரு நாள் என்றால் என்ன என்று உனக்குத் தெரியாது என்பார். எனக்குத் தெரியாதுதான். நான் அந்த மலைக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை.

காளை விந்து அடைத்த ஊசிக் குச்சிகளை அந்த நைட்ரஜன் கேனில் வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். தண்ணீர்க் குடம் அளவு இருக்கும். உள்ளே புகைந்துகொண்டிருப்பது குளிர், ஆனால் மேலே பட்டால் நெருப்புப் பட்ட மாதிரி தோல் வெந்துவிடும். கேனைச் சாய்க்கக் கூடாது. மூடியை இறுக்கி அடைக்கவும் கூடாது. இப்படி ஒன்றை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஒருத்தர் தினமும் மலை ஏறி இறங்கினால் வீட்டில் இருக்கிறவள் எப்படி இருப்பாள், நீங்களே சொல்லுங்கள்.

போன கார்த்திகையில் விழுந்தார். அஞ்சலினுக்கு அப்போது இரண்டு மாதம். மேல்சிலம்படிக்கு ஏறுகிற மண் சரிவில் பழைய வண்டி வழுக்கி, கேன் கவிழ்ந்து, முழங்காலுக்குக் கீழே ஊற்றிவிட்டது. ஒரு மணி நேரம் அந்தப் பக்கம் யாரும் வரவில்லையாம். வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "அந்த மாட்டுக்கு ஊசி போட முடியாம போச்சு மா." பேன்ட்டைத் தூக்கிப் பார்த்தது நான்தான். பார்த்துவிட்டுக் குழந்தையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அன்றிலிருந்து பயம். சும்மா பயம் இல்லை மேடம். அவர் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்கிறவரை எனக்குச் சோறு இறங்காது. மலைக்குக் கீழே போளூரிலேயே சொசைட்டியின் பால் குளிரூட்டும் நிலையம் இருக்கிறது, அங்கே ஒரு இடம் காலியாகப் போகிறது, வேண்டுமா என்று செயலாளர் இவரைக் கேட்டார். ஃபேன் காற்றில் உட்கார்ந்து பாலின் கொழுப்பு அளக்கிற வேலை. வீட்டிலிருந்து நடந்தே போகலாம். "நான் அங்க போய்ட்டா மேல யார் போவா?" என்றார் இவர். வேற யாராவது போகட்டும் என்றேன். "அந்த வேற யாராவதும் ஒரு வீட்டுக்காரன்தானே" என்றார்.

பழையது தார் ரோட்டுக்குச் செய்த வண்டி, அதனால்தான் விழுந்தேன், மலைக்குச் செய்த வண்டி வாங்கினால் சரியாகிவிடும் என்பது அவர் முடிவு. போளூரிலிருந்து மலைக்கு நாற்பது கிலோமீட்டர் தார் ரோடு, அதற்கப்புறம் கல்லும் மண்ணும். இரண்டுக்கும் ஒத்துவருகிற வண்டி வேண்டும். ஒற்றை சிலிண்டர்தான் வேண்டும், மேலே மெக்கானிக் கிடையாது, எது கெட்டாலும் தானே பிரித்துப் பூட்டுகிற மாதிரி இருக்க வேண்டும். இப்படிச் சொல்லிச் சொல்லிக் கடைசியில் இரண்டு வண்டிகளில் வந்து நின்றார். சின்ன வண்டி, பெரிய வண்டி. பெயர் வேண்டாம், எந்த இரண்டு என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் இரண்டையும் ஒன்றாக ஓட்டிப் பார்த்து எழுதிய கட்டுரையைத்தான் சொல்கிறேன்.

தமிழில் வீடியோக்கள் இல்லாமல் இல்லை. அதில் பேசுகிற எல்லாரும் பனிமலைக்குப் போகிறார்கள். "நம்ம பாரத்தைப் பத்தி ஒருத்தன் பேசறானா பாரு" என்பார். நீங்கள் ஒருத்தர்தான் வண்டிக்குப் பின்னால் இருபது லிட்டர் தண்ணீர் கேனைக் கட்டி, ஈரச் சரிவில் ஏற்றிப் பார்த்திருந்தீர்கள். படத்தைப் பார்த்ததுமே அவர் உங்கள் கட்சி ஆகிவிட்டார். ஒருமுறை போனிலேயே தமிழாக்கி வாசித்துப் பார்த்தார். "இந்த வண்டி உங்கள் தவறுகளை மன்னிக்கிறது" என்று வந்தது. "வண்டி இன்னா பங்கு சாமியாரா?" என்று சிரித்தவர், போனை என்னிடம் நீட்டினார். "எதுக்கு வம்பு, வீட்லயே கான்வென்ட் இருக்கு. நீ படிச்சு சொல்லு."

எங்கள் வீட்டில் ஆங்கிலம் என்றால் நான்தான். மருந்துச் சீட்டு, பேங்க் கடிதம், ஊசிக் குச்சி வருகிற பெட்டியில் ஒட்டியிருக்கிற காகிதம் எல்லாம் என்னிடம் வரும். தெருவில் இருக்கிறவர்களும் கொண்டுவருவார்கள். எனக்கு அது பிடிக்கும். ரொம்பப் பிடிக்கும்.

சாப்பிட்டு முடித்ததும் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நடுவே கோடு போட்டு, ஒரு பக்கம் "சி", ஒரு பக்கம் "பெ" என்று எழுதிக்கொண்டு, பரீட்சைக்குப் போகிற பையன் மாதிரி என் எதிரில் உட்கார்ந்தார்.

நீங்கள் எழுதியிருந்தது: சின்ன வண்டி ஈரச் சரிவில் ஒருமுறை சாய்ந்துவிட்டது, நான் ஐந்தடி இரண்டங்குலம், தனியாகவே தூக்கி நிறுத்திவிட்டேன்.

நான் சொன்னது: "சின்ன வண்டி ஈரச் சரிவுல சாஞ்சிடுச்சாம்."

அதில் பொய் ஒன்றும் இல்லை என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். பாதியில் நிறுத்தினேன், அவ்வளவுதானே? அவர் "சி" பக்கத்தில் எழுதிக்கொண்டார். "சாயும்."

இரண்டாவதில் அந்தச் சமாதானமும் இல்லை. இருபது கிலோ பின்னால் இருந்தும் முன்சக்கரம் தரையை விடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். "பின்னால பாரம் வெச்சா முன்சக்கரம் தூக்குதாம்" என்றேன். அவர் பென்சிலை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "அப்படியா போட்டிருக்காங்க? வண்டியோட அமைப்பைப் பார்த்தா அப்படித் தெரியலையே மா." நான் போனைப் பார்த்துக்கொண்டே, "நானா சொல்றேன்? அவங்கதான் சொல்றாங்க" என்றேன். அவங்கதான் என்றது உங்களை.

சரி, புது வண்டியே வேண்டாம், கீழே வேலைக்குப் போகிறேன் என்பார் என்று காத்திருந்தேன். அவர் தாளைப் பார்த்தார், பார்த்தார், "அப்போ பெரிய வண்டிதான்" என்றார்.

மேடம், இங்கேதான் நான் நின்றிருக்க வேண்டும். பெரிய வண்டியைப் பற்றி நீங்கள் எழுதியதை உள்ளபடி சொல்லியிருந்தாலே போதும். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்துக்குத் தனியாகப் போகிறவர்கள் இதை வாங்காதீர்கள், கீழே விழுந்தால் ஒரு ஆளால் தூக்க முடியாது, கால் மாட்டிக்கொண்டால் மாட்டிக்கொண்டதுதான் என்று தெளிவாகப் போட்டிருந்தீர்கள். மூன்று தடவை படித்தேன். ஆனால் கட்டுரைக்கு அடியில் யாரோ, பெரிய வண்டிக்குப் பதிவு செய்தால் நான்கு மாதம் காத்திருக்க வேண்டுமாமே என்று கேட்டிருந்தார்கள். நான்கு மாதத்துக்குள் குளிரூட்டும் நிலையத்து வேலையை எப்படியாவது ஒத்துக்கொள்ள வைத்துவிடலாம் என்று என் புத்தி கணக்குப் போட்டது. "பெரிய வண்டி பத்தி நல்லாத்தான் போட்டிருக்காங்க. ரோட்ல அசையாம போகுதாம்" என்றேன். அதுவும் நீங்கள் எழுதியதுதான். மற்றதை விழுங்கிவிட்டேன். அவர் மறுபடியும் விழுவார் என்று பயந்தவள், விழுந்தால் கால் மாட்டிக்கொள்கிற வண்டியை அவருக்குக் கைகாட்டினேன்.

சனிக்கிழமை கோயிலுக்குப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். "மூணு பொய் சொன்னேன் ஃபாதர்."

"எதைப் பத்தி?"

"மோட்டார் சைக்கிளைப் பத்தி ஃபாதர்."

தட்டிக்கு அந்தப் பக்கம் அவர் சிரிப்பை அடக்கிய மாதிரி இருந்தது. பரிகாரமாக மூன்று அருள்நிறை மரியே ஜெபம் சொல்லச் சொன்னார். வெளியே வந்து முழங்காலிட்டு மூன்றையும் சொன்னேன். அந்தப் பொய்யில் மாட்டப்போவது யாருடைய கால் என்று அவருக்குத் தெரியாது, நான் சொல்லவில்லை. எண்ணிக்கையை மட்டும் சொல்லிவிட்டு வந்தால் அது பாவசங்கீர்த்தனமா?

போன வாரம் வேலூர் ஷோரூமுக்குப் போனோம். "அவங்க இங்கிலீஷ்ல பேசினா நீ பேசு" என்று என்னையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போனார். நானும் நல்ல புடவை கட்டிக்கொண்டேன். அங்கே எல்லாரும் தமிழ்தான் பேசினார்கள். ஓட்டிப் பார்க்கப் பெரிய வண்டியை வெளியே எடுத்து நிறுத்தினார்கள். பின்பக்கம் ஜல்லி கொட்டிய இடம். அவர் ஒரு சுற்றுப் போய் மெதுவாகத் திருப்பும்போது ஜல்லியில் சக்கரம் நழுவி, நின்ற இடத்திலேயே சாய்ந்துவிட்டது. காலை எடுத்துக்கொண்டார், அடி ஒன்றும் இல்லை. ஆனால் தூக்க முடியவில்லை. ஒரு தடவை தூக்கினார், இரண்டு தடவை தூக்கினார், மூன்றாவது தடவை கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. அங்கே சர்வீஸுக்கு வந்திருந்த இரண்டு பையன்கள், தடித்த ஜாக்கெட் போட்டவர்கள், ஓடிவந்து கை கொடுத்தார்கள்.

"அண்ணா, எங்க ஓட்டப் போறீங்க?"

"மலைக்கு. ஜவ்வாது மலை. தனியாத்தான் போவேன்."

"தனியாவா? அப்போ சின்னது எடுங்கண்ணா. இது எதுக்கு உங்களுக்கு?"

என் வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து அந்தக் காலண்டர் தாளை எடுத்தார். நான்காக மடித்து வைத்திருந்தார். பிரித்து, விரல் வைத்து, தாரிணி மேடம் என்று உங்கள் பெயரை மரியாதையோடு சொல்லி, வாசித்தார். "சின்னது சாயும். பாரம் வெச்சா முன்சக்கரம் தூக்கும்."

பையன்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். "அண்ணா, அந்த ரிவ்யூ எங்களுக்கு மனப்பாடம். அப்படி இல்லியே" என்று ஒருவன் போனை எடுத்து உங்கள் வரிகளை ஆங்கிலத்தில் வாசித்து, உடனே தமிழிலும் சொன்னான். சரியாகத்தான் சொன்னான். ஒரு வார்த்தை பிசகவில்லை.

"அப்படியே தலைகீழா புரிஞ்சு வெச்சிருக்கீங்களேண்ணா!"

"யாருண்ணா உங்களுக்குப் படிச்சு சொன்னது? அந்தாளை முதல்ல மாத்துங்க" என்றான் இன்னொருத்தன். சேல்ஸ்மேன்கூடச் சிரித்துவிட்டான்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரே ஒரு தடவைதான். நான் அஞ்சலினின் காலுறையைக் கழற்றி மறுபடியும் மாட்டிக்கொண்டிருந்தேன். கழன்றே இருக்கவில்லை அது.

"யாரும் சொல்லலப்பா, நானேதான் படிச்சேன்" என்றார் அவர். "டென்த்ல இங்கிலீஷ் முப்பத்தாறு. இன்னா பண்றது?" என்று அவர்களோடு சேர்ந்து தானும் சிரித்தார். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

நான்தான் என்று ஒரு வார்த்தை, மேடம். தமிழிலோ ஆங்கிலத்திலோ. வரவில்லை.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் என்னை உட்காரவைத்தார். கண்டுபிடித்துவிட்டார், இனி கேட்பார், கேட்டால் சொல்லிவிடுவேன் என்று உட்கார்ந்திருந்தேன். கணியம்பாடி தாண்டியதும் குழந்தையைத் தன் மடிக்கு வாங்கிக்கொண்டு, யார் காதிலும் விழாமல் சொன்னார்:

"விடு மா. அந்த மேடம் எழுதறது ரொம்ப ஒசந்த இங்கிலீஷ் போல. ஸ்கூல்ல படிக்கிற இங்கிலீஷ் வேற, இது வேற. தப்பு வராத ஆள் யாரு?"

எனக்கு முதலில் கோபம் வந்தது. ஐயோ, வெட்கம் வந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். கோபம்தான் வந்தது. எனக்கா இங்கிலீஷ் தெரியாது? பள்ளியில் ஐந்து வருஷம் ஆங்கிலத்தில் முதல் பரிசு நான். உங்கள் கட்டுரையில் எனக்குப் புரியாத வார்த்தை ஒன்றுகூட இல்லை என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் அடுத்த கேள்வி என்ன வரும்? அதனால், "ஆமாங்க, கொஞ்சம் கஷ்டமான இங்கிலீஷ்தான்" என்றேன். அது நாலாவது.

அன்றோடு முடிந்திருந்தால் நான் இப்படி எழுத உட்கார்ந்திருப்பேனா, தெரியவில்லை. திங்கட்கிழமை அஞ்சலினுக்குக் காய்ச்சல். டாக்டர் கொடுத்த மருந்தோடு இருந்த காகிதத்தை எப்போதும் என்னிடம் கொடுக்கிறவர், சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மெடிக்கல் கடைக்காரரிடம் போய்க் கேட்டுக்கொண்டு வந்தார். "எத்தனை மில்லின்னு ஒரு தடவை கேட்டுக்கிட்டேன், அவ்ளோதான்" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். புதன்கிழமை பக்கத்து வீட்டு சுகந்தி அக்கா மகளின் காலேஜிலிருந்து வந்த கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். நான் உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"பெலிசிட்டா இல்லியா? இத கொஞ்சம் படிச்சு சொல்லச் சொல்லேன் தம்பி."

"அவ பாப்பாவோட தூங்கறா அக்கா. இது காலேஜ் இங்கிலீஷ், சிக்கலா இருக்கும். ஸ்கூல் சாரைக் கேளுங்களேன்."

"இவளுக்குத் தெரியாத இங்கிலீஷா? கான்வென்ட்டாச்சே!"

"தெரியும் அக்கா, நல்லா தெரியும். ராத்திரியெல்லாம் பாப்பா தூங்க விடல. அதான்."

குழாயை மூடினால் தண்ணீர்ச் சத்தம் நின்று நான் விழித்திருப்பது தெரிந்துவிடும் என்று அதைத் திறந்தே விட்டேன். அவர் என்னைக் காப்பாற்றுகிறார், மேடம். நான் படித்தவள் என்கிற பெயருக்கு ஊருக்குள் பங்கம் வரக் கூடாது என்று பொய் சொல்லிக் காப்பாற்றுகிறார். மருந்து அளவுக்கு மட்டும் என்னை நம்பவில்லை. அது நியாயம்தானே.

என்னிடம் கோபப்பட்டிருந்தால், ஏண்டி இப்படிச் செய்தாய் என்று இரண்டு வார்த்தை திட்டியிருந்தால், எனக்குப் பயமாக இருக்கிறது என்று அழுதிருப்பேன். மலைக்குப் போகாதீர்கள் என்று காலைப் பிடித்துக்கூடக் கேட்டிருப்பேன். இத்தனை மாதத்தில் அந்த ஒரு வார்த்தையை, எனக்குப் பயமாக இருக்கிறது என்பதை, நான் அவரிடம் நேராகச் சொன்னதே இல்லை. மற்ற எல்லாம் சொன்னேன். வண்டி சாயும் என்று சொன்னேன்.

வருகிற திங்கட்கிழமை வேலூர் போய்ச் சின்ன வண்டிக்குப் பதிவு செய்யப் போகிறார். ஐப்பசி மழைக்கு முன்னால் வண்டி கைக்கு வந்துவிடுமாம். கேன் எங்கே கட்டுவது என்பது ஒன்றுதான் பாக்கி. "எழுதி வை மா. காலையில நான் ஒரு தடவை படிச்சிட்டு, போட்டோ எடுத்து அவங்களுக்கு அனுப்பிடறேன்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனார். எழுதியதைப் படித்துவிட்டுத்தான் அனுப்புவாராம். என்னிடம் பிழை இருந்தால் திருத்திவிடலாம் என்றுதான், வேறெதற்கு?

அவர் கேட்கச் சொன்ன கேள்வி மூன்றே வரியில் முடிந்துவிட்டது. அதைத் தனிப் பக்கத்தில் எழுதியிருந்தால், அதை மட்டும் கிழித்துக் கொடுத்துவிட்டு மீதியை அடுப்பில் போட்டுவிடுவேன் என்று எனக்கே தெரியும். என்னை எனக்குத் தெரியும் என்பதால்தான் மீதியையும் அதே பக்கத்திலேயே தொடர்ந்து எழுதிவிட்டேன்.

இது உங்கள் கைக்கு வந்திருந்தால் அவர் படித்துவிட்டுத்தான் அனுப்பியிருக்கிறார். வராமலும் போகலாம். அவர் மெதுவாகத்தான் படிப்பார், உதடு அசையும். அத்தனை பக்கமும் படித்து முடிக்கிறவரை நான் எதிரில் நிற்க வேண்டும், குழந்தையைக் கையில் எடுத்துக்கொள்ளாமல் நிற்க வேண்டும்.

எழுதியதை முதலிலிருந்து ஒரு தடவை படித்துப் பார்த்தேன். அவருக்குப் புரியாத வார்த்தை ஒன்றுகூட இல்லை.